கழுத்து வலியும் இராத்தூக்கமும்

தாய்மாரே, கூடைக் கயிறு தலையில் கிடந்தாலும் பாரம் இறங்குவது கழுத்தின் 7 எலும்புகளில்தான். "படுத்தா பொரள முடியல, தூக்கம் வரமாட்டேங்குது" என்று பலர் எம்மிடம் சொல்கிறீர்கள். அதற்காக சலூனிலோ சுளுக்கு எடுப்பவரிடமோ கழுத்தைக் கொடுத்து 'டக்'கென்று திருப்ப விடாதீங்க. அமெரிக்காவில் 1895இல் தொடங்கிய கைரோபிரக்டிக் வைத்தியத்தைப் படித்தவர்கள்கூட, தலைச்சுற்று, கைவிறைப்பு உண்டா என்று விசாரித்த பிறகே கழுத்தைத் தொட வேண்டும். மூளைக்குப் போகும் இரத்தக் குழாய் கிழிந்தால் பாரிசவாதம் வரலாம். அபூர்வம்தான், வந்தால் குடும்பமே படுத்துவிடும்.

சுடுதண்ணி ஒத்தடம் கொடுங்க. தலையணையாக மடிக்கும் சீலையை உயரமாக வைக்காதீங்க, குப்புறப் படுக்காதீங்க. கை விறைத்து, கொழுந்து கிள்ள விரல் மடங்காவிட்டால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க. ஒருநாள் பேர் போனாலும் போகட்டும்.