சைக்கிளை விட்டு இறங்குவது யார்?

(சிலிபினில் தோட்டத் தொழிலாளர் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



1941-ஆம் ஆண்டு கிள்ளான் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தை நீங்கள் அறிவீர்கள். கூலி உயர்வு கேட்டார்கள். சீனத் தொழிலாளிக்கு இணையான சம்பளம் கேட்டார்கள். அவற்றோடு இன்னொன்றும் கேட்டார்கள். துரையோ தோட்டத்து உத்தியோகஸ்தரோ எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்பதே அது.

இதைக் கொடுக்க முதலாளிக்கு ஒரு காசு செலவுண்டா? இல்லை. ஆயினும் கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் ஆர். எச். நாதன் முதலானோர் அதைக் கூலியோடு சேர்த்தே கேட்டனர். நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் மாண்டனர். மானத்துக்காக அவர்கள் கொடுத்த விலை அது.

பின்னர், 1954-இல் பல சங்கங்கள் இணைந்து தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கம் உருவாயிற்று. பல சங்கங்கள் ஒன்றாக வேண்டுமானால், சிலர் தம் நாற்காலியை விட்டுக்கொடுக்கத்தானே வேண்டும்?

தோழர்களே, இப்போது என் குற்றத்தைச் சொல்கிறேன். ஒரு தோட்டத்துக்குச் சங்க வேலையாகப் போயிருந்தேன். என்னைக் கண்டதும் ஒரு பெரியவர் எழுந்து, தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் இடுக்கிக்கொண்டார். நானோ ஒன்றும் சொல்லாமல் நாற்காலியில் அமர்ந்துவிட்டேன். துரை போன இடத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன் என்பது வீடு திரும்பிய பிறகே உறைத்தது.

கத்தி ஆழமாய் இறங்கிக் காயம்பட்ட மரத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாகத்தான் வளரும். பழைய அடிமைத்தனமும் அப்படியே. தீர்மானம் போட்டால் மட்டும் அது போய்விடாது. தலைவன் நடந்து காட்ட வேண்டும்.

ஆகவே நான்கு காரியங்களை நம்மிலிருந்தே தொடங்குவோம். கூட்டம் கூடியதும், யாரும் கேட்குமுன் சந்தாக் கணக்கை வாசிப்போம். கிராணியும் வெட்டுக்காரரும் ஒரே பெஞ்சில் அமர்வோம். நம்மோடு மரம் வெட்டும் இந்தோனேசிய, வங்காளதேசத் தோழருக்கும் பேச இடம் கொடுப்போம். குறை சொல்பவரைப் பகைவராக எண்ணாதிருப்போம்.

துரைக்காக இறங்க மறுத்தவர்களின் பிள்ளைகள் நாம். சங்கத் தலைவனுக்காகவும் எவரும் இறங்க வேண்டாம். இறங்க வேண்டியவன் தலைவனே.

தொழிலாளர் ஒற்றுமை ஓங்குக!