தடிமனும் சாய்வும்: தலைப்பெழுத்தின் இலக்கணம்



எழுத்துரு வரைபவர்களும் அச்சகத்தாரும் ஆய்வாளர்களும் மாணவர்களும் கூடியுள்ள இக்கருத்தரங்கைத் தொடங்கிவைக்கும் பொறுப்பை அளித்தமைக்கு நன்றி. தலைப்புகளுக்கான தடித்த சாய்வெழுத்து பற்றி நான் வலியுறுத்த விரும்புவது ஒன்றே: நேரெழுத்தைத் தடிக்கவைத்துச் சாய்த்துவிட்டால் அது கிடைத்துவிடாது, அதைத் தனியே வரையவேண்டும்.

சாய்வும் தடிமனும் வெவ்வேறு தேவைகளுக்காகப் பிறந்தவை. 1501இல் வெனிஸில் ஆல்டஸ் மனூட்டியஸ் வெளியிட்ட வர்ஜில் நூல் முழுவதுமே சாய்வெழுத்தில் அச்சானது. பிரான்செஸ்கோ கிரிஃபோ வெட்டிய அவ்வெழுத்து, அறிஞர்களின் விரைவான கையெழுத்தைப் பின்பற்றியது. மிகத் தடித்த எழுத்தோ சுமார் முந்நூறு ஆண்டுகள் கழித்து, லண்டன் தெருக்களில் பிறந்தது. லாட்டரி அறிவிப்பும் நாடக விளம்பரமும் தூரத்திலிருந்தே கண்ணை இழுக்கவேண்டியிருந்தது. அவ்வகை எழுத்தின் முன்னோடி ராபர்ட் தோர்ன். 1820இல் அவர் மறைந்தபின் அவருடைய வார்ப்பகத்தை வாங்கிய வில்லியம் தாரோகுட், அதற்கான பணத்தை லாட்டரியில் வென்றதாகச் சொல்வார்கள். அவர் பெயர் தாங்கிய தடித்த சாய்வெழுத்து இன்றும் புழக்கத்தில் உள்ளது.

அதன் கட்டமைப்பைப் பாருங்கள். செங்கோடுகள் மிகப் பருத்தவை. இணைப்புக் கோடுகள் மயிரிழை போன்றவை. எழுத்தின் உள்வெளி சிறு கீற்றாகச் சுருங்கிவிடுகிறது. முனைகள் உருண்டு திரள்கின்றன. பருமன் எழுத்தை நிலத்தில் அழுத்த, சாய்வு அதை முன்னே தள்ளுகிறது. இந்த இழுபறியே அதன் அழகு. கணினியில் இயந்திரகதியாகச் சாய்த்தால் இது கிடைப்பதில்லை: வட்ட வளைவு ஒரு மூலைவிட்டத்தில் நீண்டு மறு மூலைவிட்டத்தில் ஒடுங்கும், தடிமன் இடம் மாறிப்போகும்.

பயன்பாட்டிலும் அளவறிதல் வேண்டும். சுவரொட்டி, இதழ்த் தலைப்பு, பொருளின் உறை, கடைப்பலகை ஆகியவை இதற்குரிய இடங்கள். இரண்டு மூன்று சொற்களுக்குமேல் இது தாங்காது. சிறிய அளவில் உள்வெளியை மை அடைத்துவிடும். மயிரிழைக் கோடுகள் அறுந்துபோகும். பத்தி முழுவதையும் இதில் அமைத்தால் எதுவுமே தனித்துத் தெரியாது.

தமிழுக்கு இதில் தனிச் சிக்கல் உண்டு. ரோமன் எழுத்தைப் போலத் தனியாக வளர்ந்த சாய்வெழுத்து மரபு நம் அச்சில் இல்லை. ஆயினும் இதழ்த் தலைப்புகளிலும் திரைப்படச் சுவரொட்டிகளிலும் ஓவியர்கள் தடித்துச் சாய்ந்த எழுத்துகளைக் கையால் வரைந்து வந்துள்ளனர். ‘ண’, ‘ணை’, ‘ஞ’ போன்ற சுழிகள் நிறைந்த எழுத்துகளில் தடிமன் கூடும்போது, உள்வெளியை எங்கே காப்பது என்பதை அவர்கள் கை அறிந்திருந்தது. மென்பொருளின் சாய்வுப் பொத்தான் அதை அறியாது.

ஆகவே இவ்வரங்கில் கட்டுரை படிப்போருக்கு என் வேண்டுகோள்: அந்தக் கைவரைவுகளைத் திரட்டுங்கள், அளந்து ஆராயுங்கள், தமிழுக்கான தடித்த சாய்வெழுத்தை முதல் கோட்டிலிருந்தே வரையுங்கள். கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.