கோம்பை நாயும் நம் கடமையும்



"நாய் நன்றியுள்ள பிராணி" என்பது நாம் எல்லோரும் சிறு வயதில் எழுதிப் பழகிய வாக்கியம். நாய் நமக்குக் காட்டும் நன்றியைப் பற்றிப் பேசிய அளவுக்கு, நாம் நாய்க்குச் செய்யவேண்டியதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. தாம்பரத்தைச் சுற்றியுள்ள சேலையூர், முடிச்சூர், பெருங்களத்தூர் முதலிய பகுதிகளில் நாட்டு நாய்க் குட்டிகளை விரும்பி வாங்குவோர் இன்று பலர் இருக்கின்றனர். ஆதலால் அரிய இனங்களுள் ஒன்றாகிய கோம்பை நாயைப் பற்றி இன்று பேச எடுத்துக்கொண்டேன். அதன் பிறப்பிடம் எது, இயல்பு என்ன, அதனை வளர்ப்போர் அறியவேண்டியவை யாவை என்பவற்றை முறையாகக் காண்போம்.

மந்தையோடு வாழும் நாய்கள் இருவகைப்படும். மந்தையை மடக்கி ஓட்டும் நாய்கள் ஒரு வகை. இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் இடைப்பட்ட எல்லைப்புறத்தில் தோன்றிய பார்டர் கோலி இவ்வகையைச் சேர்ந்தது. இடையனுடைய சீழ்க்கை ஒலிக்கு ஏற்ப ஓடியும், பதுங்கியும், உற்று நோக்கியும், சிதறிய ஆடுகளை அது ஓரிடத்தில் சேர்த்துவிடும். இத்திறமைக்கென்று 1873ஆம் ஆண்டிலேயே வேல்ஸ் நாட்டுப் பாலா என்னும் ஊரில் போட்டி நடத்தியிருக்கிறார்கள்.

மந்தையைக் காக்கும் நாய்கள் மற்றொரு வகை. இவை ஆடுமாடுகளை விரட்டுவதில்லை. அவற்றோடு தங்கிப் பகைவரைத் தடுக்கின்றன. இமாசலப் பிரதேசத்து மேய்ப்பர்கள் தம் நாயின் கழுத்தில் இரும்பு முள் பதித்த பட்டையை அணிவிப்பதுண்டு. சிறுத்தை பாய்ந்து கவ்வும் இடம் கழுத்து. அதைக் காப்பதற்காகவே இந்தப் பட்டை.

நம் தமிழ்நாட்டு மந்தை நாய்கள் பெரும்பாலும் இந்தக் காவல் வகையைச் சேர்ந்தவை. நம் இடையர்கள் மந்தையோடு தாமே நடந்து, குரல் கொடுத்தே ஆடுகளைத் திருப்புகிறார்கள். பகலில் அவர்களுக்கு நாயின் உதவி அதிகம் வேண்டியதில்லை. அறுவடை முடிந்த வயலில் எருவுக்காகக் கிடை போட்டு, இரவில் கண்ணயரும்போதுதான் நரியும் திருடனும் வருவார்கள். அந்த வேளையில் விழித்திருக்கும் துணையே அவர்களுக்குத் தேவை. முல்லை நிலத்து ஆயருக்கு நாய் உற்ற தோழனாக இருந்ததன் காரணம் இதுவே.

கோம்பை என்பது தேனி மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உள்ள ஊர். கம்பம் பள்ளத்தாக்கைச் சேர்ந்த அப்பகுதியில், மலைமாடுகளைக் காட்டில் மேய்த்து இரவில் பட்டியில் அடைக்கும் வழக்கம் உண்டு. அப்பட்டிகளுக்குக் காவலாகவும், காட்டுப்பன்றி வேட்டைக்குத் துணையாகவும் வளர்ந்த நாய்க்கு அவ்வூரின் பெயரே அமைந்துவிட்டது.

இதன் தோற்றத்தை அறிந்துகொள்வது எளிது. கட்டான உடல், அகன்ற மார்பு, வலிய தாடை, குட்டையான மயிர், செம்பழுப்பு நிறம், கரி பூசியது போன்ற கறுத்த முகம் ஆகியவை இதன் அடையாளங்கள். நம் நாட்டின் மற்ற இனங்கள் இதனின்று வேறுபட்டவை. இராசபாளையம் நாய் வெண்ணிறமும் இளஞ்சிவப்பு மூக்கும் உடையது. சிப்பிப்பாறையும் கன்னியும் ஒடுங்கிய இடையும் நீண்ட கால்களும் கொண்டு, முயலைத் துரத்திப் பிடிக்கப் பிறந்தவை. அவை ஓட்டத்துக்குப் பெயர் பெற்றவை. கோம்பை உறுதிக்குப் பெயர் பெற்றது.

இந்திய அஞ்சல் துறை 2005ஆம் ஆண்டில் இராசபாளையம் நாய்க்கு அஞ்சல்தலை வெளியிட்டது. கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபு வளப் பணியகம் 2020ஆம் ஆண்டில் நாய் இனங்களை முதன்முறையாகப் பதிவு செய்தபோது, இராசபாளையம், சிப்பிப்பாறை, கருநாடகத்து முதோள் ஆகிய மூன்றும் இடம்பெற்றன. அந்த முதற்பட்டியலில் கோம்பை இல்லை. ஓர் இனம் பதிவு பெறவேண்டுமானால், தாய் தந்தையரின் அடையாளம் குட்டிகளிலும் மாறாமல் தொடர்ந்து வரவேண்டும். கலப்பு மிகுந்துவிட்டால் அதனை மெய்ப்பிப்பது எப்படி? செம்பழுப்பு நிறமும் கறுத்த முகமும் உடைய கலப்புக் குட்டிகளைக் கோம்பை என்று விற்போரும் உண்டு. ஆதலால் குட்டியை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். தாயையும், கூடுமானால் தந்தையையும் நேரில் பார்த்து வாங்குங்கள்.

இனி, நம் புறநகருக்கு வருவோம். செங்கல்பட்டு வட்டாரமும் ஆட்டு மந்தைகளுக்குப் பெயர் பெற்றதே. சென்னைச் சிவப்பு என்னும் செம்மறி இனம் இம்மண்ணுக்கு உரியது. நான் சிறுவனாக இருந்த காலத்தில் ஏரிக்கரைகளிலும் கரம்பு நிலங்களிலும் மந்தைகள் மேய்வது அன்றாடக் காட்சி. இன்று அந்நிலங்களிற் பல மனைகளாகிவிட்டன. 2021ஆம் ஆண்டில் தாம்பரம் மாநகராட்சியும் ஆகிவிட்டது. மலைச்சாரலில் பட்டி காத்த நாய்க்கு இங்கே கிடைப்பது கார் நிறுத்தும் இடமும் ஒரு முழச் சங்கிலியும்தான்.

எங்கள் பகுதியில் ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். ஆசையோடு வாங்கிய கோம்பைக் குட்டியை, திருடருக்கு அஞ்சி, இரவும் பகலும் வாயிலிலேயே கட்டிவைத்தார்கள். அயலார் எவரையும் அது அணுகிப் பழகவில்லை. ஓராண்டு கழித்து, பால் கொண்டுவந்த பையனைக் கடித்துவிட்டது. "பொல்லாத நாய்" என்று சொல்லி, ஓர் இரவு அதனை வண்டியில் ஏற்றிச் சென்று எங்கோ நெடுஞ்சாலை ஓரத்தில் விட்டுவிட்டார்கள். அந்த நாய் செய்த குற்றம் யாது? காவல் என்பது அதன் பிறவித் தொழில். யார் உறவு, யார் பகை என்று கற்றுக்கொடுக்க ஆளில்லாதபோது, வந்தவர் எல்லோரையும் அது பகையாகக் கருதியது. கற்பிக்காதவரை விட்டுவிட்டுக் கல்லாததைத் தண்டிப்பது நீதியாகாது.

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்பது மனிதருக்கு மட்டும் உரிய பழமொழியன்று. நாய்க்குட்டிக்கு மூன்றாம் வாரம் முதல் ஏறத்தாழ பதினான்காம் வாரம் வரை உள்ள காலமே உலகை அறிந்துகொள்ளும் பருவம். எட்டு வாரம் நிரம்புமுன் அதனைத் தாயிடமிருந்து பிரிக்கலாகாது. வீட்டுக்கு வந்தபின் குழந்தைகள், முதியோர், தபால்காரர், குடை பிடித்தவர், மிதிவண்டி, இரயில் ஓசை ஆகிய யாவற்றையும் அச்சமின்றி அறியச் செய்யவேண்டும். நல்லது செய்தவுடன் பாராட்டுங்கள். அடித்துத் திருத்த முயலாதீர்கள். பள்ளிக்கூடத்தில் பிரம்பினால் வளர்வது அச்சமே அன்றி அறிவு அன்று. நாயிடத்திலும் அப்படியே, அஞ்சிய நாயே பெரும்பாலும் கடிக்கும்.

நாள்தோறும் காலையும் மாலையும் நன்றாக நடத்திச் செல்லவேண்டும். சித்திரை, வைகாசி வெயிலில் தார்ச்சாலை அதன் பாதத்தைச் சுடும். உங்கள் புறங்கையைச் சாலையில் ஐந்து விநாடி வைத்துப் பொறுக்க முடியாவிட்டால், நாயையும் நடத்தாதீர்கள். நிழலும் தண்ணீரும் எப்போதும் இருக்கட்டும். கேழ்வரகு, கம்பு, சோறு ஆகியவற்றோடு முட்டையும் இறைச்சியும் வேண்டும். வெறும் தயிர்ச்சோற்றில் உடல் உரம் பெறாது. வெங்காயம், திராட்சை, சாக்லெட் ஆகியவை அதற்கு நஞ்சு. வேகவைத்த எலும்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும்.

மழைக்காலம் வந்தால் உண்ணி பெருகும். அதனால் வரும் காய்ச்சல் உயிருக்கே ஊறு செய்யும். காதின் உட்புறத்தையும் கால்விரல் இடுக்கையும் நாள்தோறும் பாருங்கள். பார்வோ முதலிய நோய்களுக்கு ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் தடுப்பூசி தொடங்கி, மருத்துவர் சொல்லும் முறைப்படி தொடரவேண்டும். வெறிநோய்த் தடுப்பூசியை மூன்று மாதத்தில் போட்டு, பின்னரும் தவறாமல் போட்டு வரவேண்டும். எந்த நாய் கடித்தாலும், காயத்தை ஓடும் நீரில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வெறிநோய் முற்றியபின் அதற்கு மருந்து இல்லை என்பதை நினைவில் வையுங்கள்.

2015ஆம் ஆண்டு டிசம்பரில் அடையாற்று வெள்ளம் முடிச்சூரையும் வரதராசபுரத்தையும் சூழ்ந்தது. கட்டிக்கிடக்கும் நாயால் அத்தகைய நேரத்தில் நீந்தவும் இயலாது. நீர் உயரும் அறிகுறி தெரிந்தவுடன் முதலில் சங்கிலியை அவிழ்ப்பதும், வீட்டை விட்டுப் போகும்போது உடன் அழைத்துச் செல்வதும் வளர்ப்பவர் கடமை.

இன்னுமொன்று. அரிய இனம் என்ற பெருமைக்காகவும், குட்டி விற்கும் ஆசைக்காகவும், நெருங்கிய இரத்தத்தில் இனம் பெருக்கலாகாது. இராசபாளையம் நாய்களில் சில செவிடாகப் பிறப்பதை அறிவீர்கள். வெண்மைக்குக் காரணமான நிறமிக் குறைவு உட்செவியையும் தாக்குவதே அதற்குக் காரணம். நிறத்தையே நாடிக் குணத்தையும் நலத்தையும் மறந்தால், கோம்பைக்கும் வேறொரு குறை வந்து சேரலாம். சைதாப்பேட்டையில் அரசு நடத்திய நாய் இனப்பெருக்க நிலையத்தை மூடுமாறு 2016ஆம் ஆண்டில் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. இனத்தைக் காக்கும் இடமானாலும் அங்குள்ள உயிர்களின் நலமே முதன்மையானது என்பது நாம் அதிலிருந்து கொள்ளவேண்டிய பாடம்.

நட்புக்கு இலக்கணம் சொல்ல வந்த நாலடியார், யானையை விட்டு நாயையே உயர்த்திப் பேசுகிறது. அந்த நட்புக்கு நாம் தகுதியுடையவர்தாமா என்று எண்ணிப் பாருங்கள். இடமும், நாள்தோறும் இரண்டு மணி நேரமும், பன்னிரண்டு பதின்மூன்று ஆண்டுகளுக்குக் குறையாத பொறுமையும் உடையவர்கள் கோம்பையை வளர்க்கலாம். இல்லாதவர்கள் வாங்காதிருப்பதே அந்த இனத்துக்குச் செய்யும் உதவி. பள்ளி ஆசிரியர்களும் பெற்றோரும் இதனைப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.