சூளையும் சோதனைக்குழாயும்

(கழகத்தின் வெள்ளிவிழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

"அறிவியல் ஆராய்ச்சியும் நாமும்" என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு செயலாளர் நம்மைப் பணித்துள்ளார். நாம் விஞ்ஞானி அல்லோம். வரலாறு பயின்று பி.ஏ. பட்டம் பெற்று, பி.எட். முடித்து, அரசுப் பள்ளிகளில் பணியாற்றி வருகிறோம். அறிவியல் ஆசிரியர் விடுப்பெடுத்த நாள்களில் அவர் வகுப்பையும் பார்த்துக்கொண்டதால் ஒட்டிய அறிவுதான் நமக்குள்ள அறிவியல். ஆயினும் இப்பொருளில் பேச நமக்கு ஒரு காரணம் உண்டு.

வெள்ளிவிழா நிதியின் ஒரு பகுதியைக் கொண்டு நம் மாணவர் இல்லத்தில் சிறியதோர் ஆய்வுக்கூடம் அமைக்கலாம் என்று சென்ற செயற்குழுவில் ஒரு தீர்மானம் வந்தது. மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்து, "நம் பிள்ளைகளுக்கு அந்தப் பாடமெல்லாம் ஏறுமா, ஐயா? கலைப்பிரிவில் தேறி, தேர்வாணையத் தேர்வெழுதி, ஒரு நாற்காலியில் அமர்ந்தால் போதாதா?" என்று வினவினார். அவரை நாம் குறை கூறமாட்டோம். நாற்காலியின் பக்கத்தில் நிற்கவும் விடாத காலத்தைக் கண்டவர் அவர். தீர்மானம் ஒத்திவைக்கப்பட்டது. அவர் வினாவிற்கு அன்று நம்மால் விடை கூற இயலவில்லை. இன்று கூற முயல்வோம்.

நாம் படித்த பள்ளியில் செய்முறை வகுப்பு நடக்கும்போது, நம் தெருப் பிள்ளைகள் நால்வர் கடைசி மேசைக்கும் பின்னால் நிற்போம். சோதனைக்குழாய் ஒவ்வொரு கையாக மாறி வரும்; எங்களுக்கு முந்திய கையோடு நின்றுவிடும். "நீங்கள் உடைத்துவிடுவீர்கள், பார்த்தால் போதும்" என்பார் ஆசிரியர். பார்த்தோம். மேல்நிலை வகுப்பில் நாம் வரலாற்றுப் பிரிவில் சேர்ந்தது விருப்பத்தினால் அன்று என்பதை முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் இந்த மேடையில்தான் முதன்முறையாகச் சொல்கிறோம்.

இனிச் செய்திக்கு வருவோம். அமெரிக்க நாட்டின் தென்பகுதியில் அலபாமா மாநிலத்தில் டஸ்கீகி என்று ஓர் ஊர் உளது. அடிமைமுறை ஒழிந்து பதினாறே ஆண்டுகள் ஆன நிலையில், 1881 ஜூலை 4-ஆம் நாள், கறுப்பின மக்களுக்கென அங்கு ஒரு பள்ளி தொடங்கப்பெற்றது. அதன் தலைவர் புக்கர் வாஷிங்டன், அடிமையாகவே பிறந்தவர். கட்டடம் கட்டச் செங்கல் இல்லை. மாணவர்களே மண் மிதித்துக் கல் அறுத்துச் சூளை வைத்தனர். முதல் மூன்று சூளைகளும் வேகாமல் தோற்றன. வாஷிங்டன் தம் கடிகாரத்தை அடகு வைத்து நான்காம் சூளையை மூட்டினார், அது வெந்தது. நம் கழகத்தின் முதற் கூரைக்கு யார் யார் காதிலிருந்த கம்மல் அடகுக் கடைக்குச் சென்றது என்பதை அறிந்த தாய்மார்கள் இங்கு அமர்ந்திருக்கிறீர்கள்; உங்களுக்கு இதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

முதலில் கைத்தொழில், உயர்கல்வி பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது வாஷிங்டனின் போக்கு. அறிஞர் டு பாய்ஸ் 1903-இல் அதனைக் கடுமையாக மறுத்தெழுதினார். இவ்வழக்கில் நாம் டு பாய்ஸ் பக்கமே. ஆனால், கைத்தொழிலுக்கென எழுந்த அந்தக் கல்விச்சாலையே பின்னர் ஆராய்ச்சிச்சாலையாக வளர்ந்த விந்தையைத்தான் இன்று சொல்ல வந்தோம்.

1896-இல் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் என்பவர் அங்கு வேளாண்மைத் துறைக்கு வந்தார். இவரும் அடிமையாகப் பிறந்தவர். கான்சாஸ் மாநிலத்தில் ஒரு கல்லூரி முதலில் இடமளித்து, ஆளை நேரிற் கண்டபின் நிறம் பார்த்துத் திருப்பியனுப்பியது. பின்பு அயோவா வேளாண் கல்லூரியின் முதற் கறுப்பின மாணவராகச் சேர்ந்து முதுநிலைப் பட்டமும் பெற்றார். டஸ்கீகியில் அவருக்கு ஆய்வுக்கூடம் என ஒன்றும் இல்லை. மாணவர்களை அழைத்துக்கொண்டு குப்பைமேடுகளைக் கிளறி, புட்டிகளும் மூடிகளும் பழைய பாத்திரங்களும் பொறுக்கிவந்து அவற்றையே கருவிகளாக்கிக்கொண்டார்.

ஆண்டுதோறும் பருத்தியே விதைத்ததால் அங்குள்ள நிலம் சத்திழந்து கிடந்தது. உழுதவன் கடனில் கிடந்தான். பயறு, சோயா, நிலக்கடலை ஆகியவற்றை மாற்றுப்பயிராக இடுக என்றார் கார்வர். இவற்றின் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பற்றி மண்ணுக்கு உரமாக்குகின்றன. காசு கொடுத்து உரம் வாங்க வேண்டா. 1906-இல் ஒரு குதிரை வண்டியில் கருவிகளை ஏற்றி, பள்ளிக்கு வர இயலாத உழவரிடம் பள்ளியையே அனுப்பினர். விளைந்த கடலையை என்ன செய்வது என்று கேட்டவர்களுக்கு, 1916-இல் நூற்றைந்து வகையில் சமைக்கும் முறையை எழுதி வெளியிட்டார். காலடியில் கிடந்த செம்மண்ணிலும் களிமண்ணிலும் இருந்து வண்ணப்பூச்சு செய்தார். அதற்கு 1925-லும் 1927-லும் காப்புரிமை பெற்றார். நிலைத்த பயன்தரும் பொருள்கள், கழிவிலிருந்து செல்வம் என்று இன்று பெரிய மாநாடுகளில் பேசப்படுவதைக் கையில் சேறு பட அன்றே செய்து காட்டியவர் அவர்.

ஒரு திருத்தமும் சொல்லவேண்டும். கடலை வெண்ணெயைக் கண்டுபிடித்தவர் கார்வர் என்று எழுதுவார்கள், அது பிழை. அவர் உண்டாக்கிய நூற்றுக்கணக்கான பொருள்களில் பெரும்பாலானவை கடைத்தெருவில் நிலைக்கவும் இல்லை. நம்மவர் என்பதற்காக இல்லாத பெருமையை ஏற்றிச் சொன்னால், பின்னர் உள்ள பெருமையையும் உலகம் நம்பாது. மண்ணைக் காத்தது மெய், அது போதும். 1943-இல் அவர் மறைந்தார். தம் சேமிப்பை ஆராய்ச்சிக்கென ஓர் அறநிலையமாக வைத்துச் சென்றார்.

அந்த அறநிலையத்தில்தான் பத்தாண்டு கழித்து உயிரணு வளர்ப்பு தொடங்கிற்று. அதைச் சொல்லுமுன் ஒரு பெண்மணியைப் பற்றிச் சொல்லவேண்டும்.

ஹென்ரியட்டா லாக்ஸ் 1920-இல் வர்ஜீனியா மாநிலத்தில் பிறந்தவர். புகையிலை வயலில் உழைத்து வளர்ந்தவர். ஐந்து குழந்தைகளின் தாய். 1951-இல் பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்குச் சென்றார். கறுப்பினத்தவர்க்குத் தனிப்பிரிவு இருந்த காலம் அது. கருப்பைவாய்ப் புற்றுநோய் என்று கண்டு ரேடியம் வைத்துக் கதிர் மருத்துவம் செய்தனர். அப்போது கட்டியிலிருந்து சிறு துணுக்கை எடுத்து, ஜார்ஜ் கை என்பவரின் ஆய்வுக்கூடத்திற்கு அனுப்பினர். அவரிடம் ஒரு சொல்லும் கேட்கவில்லை.

மனித உயிரணுவை உடலுக்கு வெளியே நெடுநாள் வளர்க்க ஆண்டுக்கணக்கில் முயன்று தோற்றுக்கொண்டிருந்தனர். எடுத்தவை சில நாள்களிலோ வாரங்களிலோ மடிந்தன. இந்த உயிரணுக்களோ ஏறத்தாழ ஒரு நாளைக்கு ஒருமுறை இரட்டித்துப் பெருகின, இன்றளவும் பெருகுகின்றன. பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து ஹீலா உயிரணு என்றனர். அந்த அம்மையாரோ 1951 அக்டோபர் 4-ஆம் நாள், முப்பத்தொரு வயதில் மறைந்தார். கல்லறையில் கல் நடவும் ஆளில்லை.

அக்காலத்தில் இளம்பிள்ளைவாதம் குழந்தைகளை முடக்கிவந்தது. ஜோனாஸ் சால்க் கண்ட தடுப்பூசி பயன் தருகிறதா என்று அறிய, ஊசி போட்ட குழந்தையின் குருதியிலிருந்து எடுத்த ஊனீரை நோய்க் கிருமியோடு கலந்து உயிரணுக்களின்மேல் விடுவார்கள். எதிர்ப்பொருள் இருந்தால் உயிரணு பிழைக்கும், இல்லையேல் மடியும். 1954-இல் சுமார் 18 லட்சம் குழந்தைகள் பங்குகொண்ட அச்சோதனைக்கு எத்தனை குழாய் உயிரணு வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்! குரங்கின் உறுப்பிலிருந்து எடுத்தால் செலவு மிகும். ஹீலாவைப் பேரளவில் வளர்க்கும் பொறுப்பை 1953-இல் டஸ்கீகி ஏற்றது. ரசல் பிரவுன், ஜேம்ஸ் ஹெண்டர்சன் என்னும் இரு கறுப்பின அறிஞர்கள் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் பயிற்சி பெற்று வந்து, தம் இனத்து இளைஞரையும் மகளிரையும் பழக்கினர். அங்கே தூய்மை கெட்டால் எல்லாம் கெடும். வெப்பம் சிறிது ஏறினாலும் உயிரணு சாகும். அலபாமாவின் கோடையோ நம் கத்திரி வெயிலுக்கு உறவுமுறை. அவ்வாறு வளர்த்து அடைத்து அஞ்சலில் அனுப்பி, 1955-க்குள் சுமார் 6 லட்சம் வளர்ப்புகளை நாடெங்கும் உள்ள ஆய்வுக்கூடங்களுக்குச் சேர்ப்பித்தனர். அவ்வாண்டு ஏப்ரல் 12-ஆம் நாள் தடுப்பூசி வெற்றி என்று அறிவிக்கப்பட்டது.

"ஏறுமா ஐயா?" என்று கேட்ட பெரியவர் நினைவுக்கு வருகிறார். பருத்திக்காட்டுக் கூலிகளின் பேரப்பிள்ளைகளுக்கு ஏறியது.

கதிரியக்கத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். டென்வர் நகரில் தியோடர் பக், பிலிப் மார்க்கஸ் என்னும் இருவர், ஹீலாவின் ஒற்றை உயிரணுவிலிருந்து ஒரு கூட்டத்தையே வளர்க்கும் வழியை 1955-இல் கண்டனர். தனித்து வைத்த உயிரணு பிழைப்பது அரிது. ஆகவே, எக்ஸ் கதிர் பாய்ச்சி, பெருகும் ஆற்றலை மட்டும் இழந்த உயிரணுக்களைக் கீழே பரப்பி, அவற்றின் துணையில் இதை வளர்த்தனர். தாம் பெருக இயலாதவை மற்றொன்றைப் பெருகவைத்தன. மறு ஆண்டு, கதிரின் அளவைப் படிப்படியாகக் கூட்டி, எத்தனை உயிரணு கூட்டமாக வளர்கிறது என்று எண்ணினர். அதுவரை எண்ணியிருந்ததைவிட மிகக் குறைந்த அளவே, ஏறத்தாழ 100 ராட் அளவே, மனித உயிரணுவின் பெருக்கத்தை நிறுத்தப் போதும் என்பது தெரிந்தது. சிறு காயத்தை உயிரணு தானே ஆற்றிக்கொள்ளும் என்பதை 1959-இல் எல்கைண்டு என்பவர் வேறு உயிரணுக்களில் காட்டினார். புற்றுநோயாளர்க்குக் கதிரை ஒரே நாளில் கொடாமல் பல நாள் பகிர்ந்து கொடுக்கும் வழக்கம் முன்பே இருந்தது. அதன் காரணம் இவற்றால் விளங்கிற்று. நம் தெருவிலிருந்து சென்னைக்குப் பேருந்தேறி, வாரக்கணக்கில் கதிர் மருத்துவம் பெற்றுத் திரும்பிய தாய்மார் உண்டு. "ஏன் இத்தனை நாள் அலையவிடுகிறார்கள்?" என்று அவர்கள் கேட்டதற்கு விடை இதுவே.

இங்கே நின்றுவிட்டால் அழகாக இருக்கும். ஆனால் நேர்மையாக இராது. டஸ்கீகியில் ஒரு கட்டடத்தில் குழந்தைகளைக் காக்கும் உயிரணு வளர்ந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், அவ்வட்டாரத்தில் அமெரிக்க அரசின் பொதுச் சுகாதாரத் துறை மற்றொரு சோதனையை நடத்திக்கொண்டிருந்தது. மேகநோய் கண்ட 399 கறுப்பின ஏழைகளை, உண்மையைச் சொல்லாமலும் மருந்து கொடாமலும், நோய் எவ்வாறு முற்றுகிறது என்று 1932 முதல் 1972 வரை பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெனிசிலின் வந்த பின்னும் கொடுக்கவில்லை. அரசின் சார்பில் மன்னிப்புக் கோர 1997 ஆயிற்று. லாக்ஸ் குடும்பத்தாரும், தம் தாயின் உயிரணுக்கள் உலகெங்கும் வாழ்கின்றன என்பதை 1973-இல்தான் அறிந்தனர். அவை விலைக்கு விற்கப்பட்டுவந்தன. பிள்ளைகளுக்கோ மருத்துவம் பார்க்கக் கையில் காசில்லை. கல்லறைக்குக் கல் 2010-இல் வந்தது. வணிக நிறுவனமொன்றோடு வழக்காடி 2023-இல் உடன்பாடு கண்டனர். அவரைக் கொன்ற நோய்க்குக் காரணம் ஒரு வைரசு என்பது 1980-களில் ஜெர்மனியில் ஹவுசன் என்பவரால் நிறுவப்பட்டது. ஹீலாவிலேயே அதன் 18-ஆம் வகை இருந்தது. 2006 முதல் அதற்குத் தடுப்பூசியும் உளது.

ஆகவே "நமக்கு அறிவியல் எதற்கு?" என்னும் கேள்வியை நாம் இப்படி மாற்றிக் கேட்கிறோம்: நம் உடல் ஆய்வுக்கூடத்திற்குள் என்றோ நுழைந்துவிட்டது, நம் கை எப்போது நுழையும்? கையெழுத்துக் கேட்கும் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று மருத்துவமனையில் படித்துச் சொல்ல நம் வீட்டில் ஒருவர் வேண்டாமா? அத்தாளை எழுதும் மேசையிலும் நம் பெண்ணொருத்தி வேண்டாமா?

நேரம் கடந்துவிட்டது, தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். மேடையின் இடப்புற மேசையில் ஒரு நுண்ணோக்கி வைத்திருக்கிறோம். நம் சொந்தச் செலவில் வாங்கியது. கழகக் கணக்கில் சேராது. வெங்காயத்தோலும் சாயமும் உடன் உள்ளன. கூட்டம் முடிந்ததும் இளைஞர்கள் வரிசையில் வருக. செயற்குழுவில் எழுந்து கேட்ட நம் பெரியவரை முதலில் வந்து பார்க்குமாறு வேண்டுகிறோம். தகட்டை அவரே தம் கையால் எடுத்து வைக்கட்டும். உடைந்தால் உடையட்டும், பெட்டியில் இன்னும் ஐம்பது இருக்கின்றன.