நோன்புக் கஞ்சியும் தவழும் பிள்ளையும்



நோன்பு நெருங்கிவிட்டது. அதனால் இன்று கஞ்சியைப் பற்றியே பேசலாம் என்றிருக்கிறோம்.

போன நோன்பில் நம் தெருவில் ஒரு வீடு. பாங்குக்கு ஐந்து நிமிடம்தான் இருந்தது. பள்ளியில் வாங்கிய கஞ்சியை மறுபடி கொதிக்க வைத்து, பாய் நடுவே சட்டியோடு வைத்திருந்தார்கள். ஒன்றரை வயதுப் பிள்ளை பின்பக்கமாக நடந்து வந்து அதில் உட்கார்ந்துவிட்டது. சத்தம் கேட்டு நாங்களும் ஓடினோம். தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த உம்மாவைத் தடுத்து, பற்பசையைத் தேடிக் கொடுத்தது எங்களில் ஒருவர்தான். சொல்லவே வெட்கமாக இருக்கிறது. ஆஸ்பத்திரியில் அதைக் கழுவி எடுத்த பிறகுதான் காயத்தின் ஆழத்தையே பார்க்க முடிந்தது. அந்தக் கழுவலில் பிள்ளை கதறியது இன்னும் காதில் இருக்கிறது. அல்ஹம்துலில்லாஹ், இப்போது ஓடியாடுகிறது. தழும்பு போகவில்லை.

கஞ்சி தண்ணீரைப் போல வழிந்து ஓடாது, தோலில் ஒட்டிக்கொண்டு சுடும். பிள்ளைகளின் தோலோ நம்முடையதைவிட மெல்லியது. சுட்டவுடன் துணியைக் கழற்றுங்கள், ஒட்டியிருந்தால் இழுக்காதீர்கள். குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் காயத்தின் மேல் ஓடவிடுங்கள். மற்ற உடம்பு குளிர்ந்துவிடாமல் போர்த்திக்கொள்ளுங்கள். பற்பசை, மை, மாவு, ஐஸ் எதுவும் வேண்டாம். சுத்தமான துணியால் மூடி டாக்டரிடம் போங்கள். பெரிய காயமென்றால் 108-ஐக் கூப்பிடுங்கள். சட்டியை அடுப்படியிலேயே வைத்து, கோப்பையில் ஊற்றி ஆறவிட்டுக் கொண்டுவந்தால் இந்தப் பாடே இல்லை.

உறங்கும் முன் விளக்கை அணைக்கவும் பாத்திரங்களை மூடவும் நம் நபி (ஸல்) சொன்னார்கள். எலி திரியை இழுத்து வீட்டைக் கொளுத்திவிடலாம் என்று காரணமும் சொன்னார்கள். எலிக்கே அவ்வளவு யோசனை என்றால் தவழும் பிள்ளைக்கு?

இன்னும் இரண்டொன்று. மண்ணெண்ணெயைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். பிள்ளை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கவும் கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும். பொம்மையில், ரிமோட்டில் இருக்கும் வட்ட பேட்டரியை விழுங்கினால் இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாய் வெந்துபோகலாம். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். குளியலறை வாளியைக் கவிழ்த்தே வையுங்கள்.

இந்த நோன்பில் மூடியில்லாத பாத்திரத்தில் கஞ்சி ஊற்றுவதில்லை, சின்னப் பிள்ளைகள் கையில் கொடுப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். வரிசையில் நின்ற பிள்ளையைத் திருப்பி அனுப்பினால் யாரும் எங்கள் மேல் கோபித்துக்கொள்ள வேண்டாம்.