விளக்கு அணைந்த பிறகு

"கரண்டு போய்விட்டது" என்கிறோம் நாம். தெலுங்கர் "கரெண்ட் போயிந்தி" என்கின்றனர். தில்லியில் "பிஜிலி சலீ கயீ" என்பது வழக்கு. மூன்று மொழியிலும் மின்சாரம் தானாகவே எழுந்து வெளியே நடந்துவிட்டதைப் போன்ற பேச்சு! மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இவ்வொற்றுமை வேடிக்கையாகத் தோன்றுவதுண்டு. ஆயினும் அலுவலகத் தாளில் எழுதப் புகும்போது ஒரு சொல் போதாது. உற்பத்தி தேவைக்குக் குறையும்போது முறைவைத்து வேண்டுமென்றே நிறுத்துவது மின்வெட்டு. பராமரிப்பு வேலைக்காக முன்னறிவித்து நிறுத்துவது வேறு. எவரும் எண்ணாதிருக்கையில் கம்பி அறுந்தோ, மரம் சாய்ந்தோ, அணில் ஏறியோ நின்றுபோவது மின்தடை. இம்மூன்றாவதைப் பற்றித்தான் இன்று பேச எடுத்துக்கொண்டோம்.

சில ஆண்டுகளுக்கு முன் அலுவல் நிமித்தமாகத் திருப்பதியில் ஒரு மே மாதத்தைக் கழித்தோம். ஒரு நாள் இரவு 8 மணிக்குப் புழுதிக்காற்று வீசி ஓய்ந்தது. எங்கள் தெருவில் விளக்கு அணைந்தது. அடுத்த தெருவில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மொட்டைமாடிகளில் பாயை விரித்துக்கொண்டு மின்சார இலாகாவைத் தமிழிலும் தெலுங்கிலும் குறை கூறிக்கொண்டிருந்தோம். மணி 11 ஆயிற்று. வீட்டுக்காரரின் தாயார், எழுபது வயதுக்கு மேற்பட்ட மூதாட்டி, மாடிப்படி ஏறி வந்து, "யார் போன் செய்தீர்கள்?" என்று கேட்டார். ஒருவரும் செய்யவில்லை! பதினெட்டு வீட்டாரும் மற்றப் பதினேழு வீட்டாரில் எவரேனும் சொல்லியிருப்பார்கள் என்று நம்பியிருந்தோம். அதன் பிறகே 1912 என்ற எண்ணை அழைத்தோம். லைன்மேன் வந்து, கம்பத்தில் கம்பியோடு கம்பியை இணைக்கும் ஜம்பர் எரிந்து விழுந்திருப்பதைக் கண்டார். இருபது நிமிஷ வேலை. "மூன்று மணி நேரமாகவா இப்படி இருக்கிறது? எங்களுக்கு இப்போதுதானே தெரியும்!" என்றார் அவர். அன்று நாம் அதை நம்பவில்லை. பின்னர் விசாரித்து அறிந்தபோது, அவர் சொன்னது உண்மையே என்று விளங்கியது.

சித்தூர்ச் சீமைக்கும் நமக்கும் மின்சாரத்திலும் பழைய உறவு உண்டு. 1937 இல் மேட்டூர் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கிய காலத்தில் சித்தூர் சென்னை மாகாணத்து மாவட்டம். மேட்டூர் மின்சாரம் அங்கும் சென்றது. 1953 இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது அம்மாவட்டம் அதனோடு சேர்ந்தது. 2000 ஆம் ஆண்டு முதல் விநியோகத்தை நடத்திவருவது, திருப்பதியைத் தலைமையிடமாகக் கொண்ட தென் மண்டல மின் விநியோகக் கம்பெனி. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமான பின்பும் இரண்டு மாவட்டங்களும் அதன் பொறுப்பிலேயே உள்ளன.

துணைமின் நிலையத்துக்கு 33,000 வோல்ட்டில் வரும் மின்சாரம் அங்கே 11,000 வோல்ட்டாகக் குறைக்கப்பட்டு, பீடர் எனப்படும் வழிகளில் ஊர்களுக்குப் புறப்படுகிறது. தெருமுனை டிரான்ஸ்பார்மர் அதனை மேலும் குறைத்து வீடுகளுக்குத் தருகிறது. பீடர் புறப்படும் இடத்தில் ரிலே என்ற கருவி ஓயாமல் காவல் இருக்கிறது. காற்றில் இரு கம்பிகள் உரசினாலும், பச்சை மரக்கிளை விழுந்தாலும், மின்னோட்டம் திடீரெனப் பன்மடங்கு பெருகும். ரிலே அதனை உணர்ந்து, ஒரு நொடிக்குள் பிரேக்கரைத் திறந்துவிடும். பணியிலிருக்கும் ஆபரேட்டர் நேரத்தைப் பதிவேட்டில் குறித்துக்கொண்டு, சிறிது பொறுத்து மீண்டும் ஒரு முறை மின்சாரம் விட்டுப் பார்ப்பார். நின்றால் நல்லது; பறவையோ கிளையோ பட்டு விலகியிருக்கும். மறுபடியும் விழுந்தால் பழுது அங்கேயே இருக்கிறது என்று பொருள். பீடரோ மாந்தோப்புகளுக்கும் பாறைக் குன்றுகளுக்கும் இடையே பல மைல் ஓடுகிறது. இருட்டில் எங்கே போய்த் தேடுவது? நடுவழியிலுள்ள சுவிட்சைத் திறந்து, முதற்பாதிக்கு மட்டும் மின்சாரம் விடுவார்கள். அது நின்றால் பழுது அப்பாலுள்ள பாதியில். அதனையும் இரண்டாகப் பகுப்பார்கள். இவ்வாறு நாலைந்து முறையில் தேட வேண்டிய தூரம் சில கம்பங்களாகச் சுருங்கிவிடும். பழுதில்லாத பாதியில் இருப்பவர்களுக்கோ அதற்குள் விளக்கு வந்துவிடும்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. ரிலேயின் பார்வை பெருக்கத்தை மட்டுமே காணும், குறைவைக் காணாது. எங்கள் தெருவின் ஜம்பர் எரிந்தபோது பீடரில் ஓடிய மின்னோட்டத்தில் பதினெட்டு வீட்டுக்கு உரிய சிறிதளவே குறைந்தது. துணைமின் நிலையத்து முள் அசைந்ததும் தெரிந்திராது. 2012 ஜூலை 30 ஆம் நாள் அதிகாலை வடமண்டல மின்தொகுப்பு முழுவதும் விழுந்தது. மறுநாள் பிற்பகல் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மூன்றும் சேர்ந்து விழுந்தன. ஏறத்தாழ 60 கோடி மக்கள் வாழும் நிலப்பரப்பு அது. தில்லியில் மெட்ரோ ரயில்கள் நின்றதை நாமும் கண்டோம். அதனை எவரும் போன் செய்து அறிவிக்க வேண்டியிருக்கவில்லை; கட்டுப்பாட்டு நிலையங்கள் கணப்பொழுதில் அறிந்தன. தென் மண்டலம் மற்றத் தொகுப்போடு ஒத்தியங்குமாறு இணைக்கப்பட்டது 2013 டிசம்பர் 31 இல்தான். ஆதலின் அவ்வீழ்ச்சி சித்தூரைத் தொடவில்லை. பாதி நாட்டின் இருளை நொடியில் அறியும் ஏற்பாட்டுக்கு, ஒரு தெருவின் இருள் தெரியாமலே போகிறது. மின்சாரம் நிற்கும் கணத்தில் தானே செய்தி அனுப்பும் ஸ்மார்ட் மீட்டர்கள் இப்போது வந்துகொண்டிருக்கின்றன. அவை எல்லா வீட்டுக்கும் வந்து சேரும்வரை அச்செய்தியை அனுப்ப வேண்டியவர் வீட்டிலிருப்பவரே.

ரிலே அறியாத பழுதுகளில் உயிருக்கு ஆபத்தானதும் ஒன்று உண்டு. அறுந்த கம்பி ஈரமண்ணில் விழுந்தால் மின்சாரம் பெருகி ஓடி ரிலேயை எழுப்பிவிடும். கோடையில் காய்ந்த மணலிலோ, சித்தூர்ப் பக்கத்துப் பாறையிலோ, தார்ச்சாலையிலோ விழுந்தால் ஓடும் மின்சாரம் சொற்பம். பிரேக்கர் திறவாமலே இருந்துவிடலாம். அக்கம்பி உயிருள்ள கம்பி. பொறி பறக்கவில்லை, தெருவிளக்கும் எரியவில்லை என்று எண்ணி அதனைக் கழியால் தள்ளப் போகிறவர்கள் உண்டு. பத்து மீட்டருக்கு அப்பால் நின்று, பிறரையும் ஆடுமாடுகளையும் அண்டவிடாமல் தடுத்து, உடனே தகவல் சொல்வதே செய்யத்தக்கது.

பழுது இன்ன இடம் என்று தெரிந்த பிறகும் ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்பவர்களுக்கு, "எல்.சி." என்று ஊழியர்கள் வழங்கும் லைன் கிளியர் முறையைச் சொல்ல வேண்டும். கம்பத்தில் ஏறப் போகிறவர் முதலில் ஆபரேட்டரிடம் எல்.சி. கேட்க வேண்டும். ஆபரேட்டர் பிரேக்கரைத் திறந்து, வழியைத் தனிப்படுத்தி, எண்ணும் நேரமும் பெயரும் பதிவேட்டில் எழுதி, அவ்வெண்ணை அவருக்குச் சொல்வார். ஏறுபவர் கம்பிகளை நிலத்தோடு இணைத்துவிட்டே கை வைப்பார். எல்.சி. வாங்கியவரே அதனைத் திருப்பித் தரும்வரை எந்த மேலதிகாரி வற்புறுத்தினாலும் அவ்வழியில் மின்சாரம் விடலாகாது. ஒரே பீடரில் இரண்டு குழுக்கள் வேலை செய்தால் எல்.சி.யும் இரண்டு, இரண்டும் திரும்பிவர வேண்டும். மாடியில் விசிறிக்கொண்டிருக்கும் நமக்கு அது வீண் நேரமாகத் தோன்றும். கம்பத்தின் மேலிருப்பவருக்கு அவ்வெண் ஒன்றே காப்பு.

அக்காப்பையும் குலைப்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். மாற்றுச் சுவிட்ச் இல்லாமல் ஜெனரேட்டரை வீட்டு வயரிங்கில் நேரே இணைத்துவிட்டால், அம்மின்சாரம் மீட்டரைத் தாண்டித் தெருக்கம்பிக்குப் போகும். டிரான்ஸ்பார்மர் இருபுறமும் வேலை செய்வது. அங்கே 11,000 வோல்ட்டைக் குறைப்பது, இங்கிருந்து போகும் 230 வோல்ட்டை 11,000 ஆக உயர்த்திவிடும்! துணைமின் நிலையத்தில் எல்லாம் அணைத்திருக்க, எங்கோ ஒரு கல்யாண மண்டபத்து ஜெனரேட்டர் கம்பத்திலிருப்பவரைக் கொல்லக்கூடும்.

பெருமழைக் காலத்தில் மீட்பின் வரிசை மாறுகிறது. 2021 நவம்பர் 18 ஆம் நாள் திருப்பதியில் கொட்டிய மழையில் தெருக்கள் ஆறாயின, ஸ்வர்ணமுகி பெருகியது, சில நாட்களில் ராயலசெருவு ஏரிக்கரை கசிந்து அண்டைக் கிராமத்தார் வெளியேற்றப்பட்டனர். இத்தகைய நாளில் வெள்ளம் நிற்கும் பகுதிக்கு மின்சாரத்தை வேண்டுமென்றே நிறுத்துவது முதற்கடமை. நீர் வடிந்து, மீட்டர்ப் பெட்டிகள் காய்ந்த பின்பே விடலாம். விடும்போது முதலில் உயரழுத்த வழிகள். அடுத்து மருத்துவமனையும் குடிநீர் இறைக்கும் நிலையமும். பின்பு மிகுதியான வீடுகள் உள்ள பீடர். கடைசியில் தனித்தனித் தெரு. தனித் தெருவில் இருப்பவருக்கு இவ்வரிசை கசக்கும். ஆனால் மேற்கம்பி சரியாகாமல் கீழ்க்கம்பியைச் சரிசெய்து பயனில்லை.

கிராமத்தில் இன்னொரு தொல்லை. மின்சாரம் வந்தவுடன் தானாகவே பம்பு ஓடத் தொடங்க வேண்டும் என்று உழவர்கள் ஆட்டோ ஸ்டார்ட்டர் வைத்திருக்கின்றனர். நள்ளிரவில் வயலுக்கு நடக்காமலிருக்க அது வசதிதான். பாம்புக்கு அஞ்சுபவரை நாம் குறை சொல்ல மாட்டோம். ஆனால் பீடரைத் திறந்த நொடியில் எல்லாப் பம்புகளும் ஒருசேர எழ, புறப்பாட்டு மின்னோட்டம் பன்மடங்காகி, பிரேக்கர் மறுபடி விழுகிறது, டிரான்ஸ்பார்மரும் எரிகிறது. டிரான்ஸ்பார்மர் எரிந்தால் பால் குளிரூட்டும் நிலையமும் ஜூன், ஜூலையில் மாங்கூழ் ஆலையும் காத்திருக்க வேண்டியதே.

எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்பதற்கும் கணக்கு உண்டு. ஆந்திர மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2004 இல் வகுத்த விதிப்படி, பியூஸ் போன புகாரை நகரத்தில் வேலை நேரம் 4 மணிக்குள்ளும் கிராமத்தில் 12 மணிக்குள்ளும் தீர்க்க வேண்டும். கம்பி அறுந்தால் 6 மணி, 24 மணி. டிரான்ஸ்பார்மர் எரிந்தால் 24 மணி, 48 மணி. தவறினால் நஷ்டஈடு கேட்கலாம். ஆனால் கடிகாரம் ஓடத் தொடங்குவது விளக்கு அணைந்த நேரத்திலிருந்து அன்று. புகார் பதிவான நேரத்திலிருந்து. எங்கள் தெருவின் அந்த மூன்று மணி நேரம் எந்தக் கணக்கிலும் இல்லை.

வேற்று மாநிலத்தில் வாழும் நம்மவர் பலர், மொழி சரியாக வராது என்ற கூச்சத்தால் பக்கத்து வீட்டாரே சொல்லட்டும் என்றிருந்துவிடுகின்றனர். நீண்ட பேச்சு வேண்டியதில்லை. 1912 நாடெங்கும் வழங்கும் எண். பில்லிலுள்ள சர்வீஸ் எண், டிரான்ஸ்பார்மர்க் கம்பத்தில் எழுதியிருக்கும் எண், தெரு முழுவதுமா நம் வீடு மட்டுமா என்ற விவரம், கம்பி கீழே கிடக்கிறதா என்பது, இவ்வளவே போதும். எண்கள் எம்மொழியிலும் எண்களே. புகார் எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ள மறக்கலாகாது.

அடுத்த ஆண்டு திருப்பதி சென்றபோது அவ்வீட்டில் இறங்கினோம். ஸ்விட்ச் போர்டுக்குப் பக்கத்துச் சுவரில் 1912 என்றும், அதன் கீழே டிரான்ஸ்பார்மரின் எண்ணும் பெரிய எழுத்தில் எழுதப்பட்டிருந்தன. சுண்ணாம்படித்தபோது அழிந்தும், மறுபடி தாமே எழுதியதாக மூதாட்டி சொன்னார்.