காய்ச்சல் என்று வருபவரிடம் நாங்கள் கேட்பவை

(நூற்றாண்டு விழா உரையின் எழுத்து வடிவம்)



இங்கே படித்துக் குடும்ப வைத்தியர்களாக இருக்கும் எங்களைச் சிறிது நேரம் பேசும்படி சங்கத்தார் கேட்டார்கள். சலரோகம், பிரஷர், முட்டு, மூட்டுவலி என்று எம்மிடம் வரும் வருத்தங்கள் பல. மாரிகாலத்தில் மட்டும் ஒரே சொல்லைத்தான் அதிகம் கேட்கிறோம்: "காய்ச்சல், டொக்டர்." அதையே எடுத்துக்கொண்டோம்.

டெங்கு, எலிக்காய்ச்சல், உண்ணிக் காய்ச்சல், நெருப்புக் காய்ச்சல் எல்லாம் எமது மண்ணில் உண்டு. முதல் இரண்டு நாளில் இவற்றைப் பிரித்தறிவது கடினம். அதே தலையிடி, அதே உடம்பு உளைவு. இரத்தப் பரிசோதனையும் அப்போது பல வேளைகளில் கைகொடுக்காது. ஆகவே நீங்கள் சொல்லும் கதைதான் எமக்கு முதற் பரிசோதனை. இன்று எத்தனையாம் நாள்? வயலுக்குள் இறங்கினீர்களா? வெள்ளத்தில் நடந்தீர்களா? வளவில் பற்றை வெட்டினீர்களா? கடைசியாக எப்போது சலம் போனது? "இதெல்லாம் ஏன், ஒரு ஊசியைப் போட்டு விடுங்கோவன்" என்பவர்களும் உண்டு!

2024 நவம்பர் பெருமழைக்குப் பின், டிசம்பரில் வடமராட்சியில் காய்ச்சலால் அடுத்தடுத்துப் பலர் இறந்தார்கள். பரிசோதனையில் எலிக்காய்ச்சல் என்று தெரியவந்தது. இது வேளைக்குப் பிடித்தால் சாதாரண மருந்துக்கே கேட்கும். பிந்தினால் சிறுநீரகத்தையும் நுரையீரலையும் தாக்கும். கெண்டைக்கால் நோவு, கண் சிவப்பு, சலம் குறைதல் கண்டால் பனடோலோடு வீட்டில் படுத்திருக்கக் கூடாது. வயலில் இறங்குபவர்கள் முன்கூட்டியே பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் தடுப்புக் குளிசை பற்றிக் கேளுங்கள்.

உண்ணிக் காய்ச்சலில், பூச்சி கடித்த இடத்தில் கறுத்த பொருக்கு ஒன்று இருக்கலாம். நோகாது, கடிக்காது, அதனால் நோயாளிக்கே தெரியாது. கமக்கட்டிலோ அரையிலோ மார்பின் கீழோ ஒளிந்திருக்கும். எங்கள் அம்மம்மாமார் சட்டையை விலக்கிக் காட்டக் கூச்சப்படுவார்கள். பெண் வைத்தியரிடமாவது காட்டச் சொல்லுங்கள். அந்தப் பொருக்கைக் கண்டால் சிகிச்சையை உடனேயே தொடங்கிவிடலாம்.

டெங்குவில் காய்ச்சல் விடும் நாள்தான் பயமான நாள். "சுகம் வந்திட்டுது" என்று குசினிக்குள் போகும் தாய்மாரை நாங்கள் ஏசுவது அதனால்தான். வயிற்றுநோ, ஓயாத சத்தி, கை கால் குளிர்தல் என்றால் ஆஸ்பத்திரிக்கே போங்கள். காய்ச்சல் நேரத்தில் அஸ்பிரின், புரூபன், டைக்குளோபெனாக் வேண்டாம்.

வெளிநாட்டில் இருக்கும் சகோதரிகளுக்கும் ஒன்று. அம்மாவுக்கு நீங்கள் அனுப்பும் பிரஷர் குளிசையும் கிளினிக்கில் கொடுப்பதும் வேறு வேறு பெயரில் ஒரே மருந்தாக இருப்பதை அடிக்கடி காண்கிறோம். எல்லாப் பெட்டிகளையும் ஒரு பையில் போட்டு எம்மிடம் கொண்டுவரச் சொல்லுங்கள். தொலைபேசியில் "சாப்பிட்டீங்களோ" என்பதோடு "எத்தனை தரம் சலம் போனது" என்றும் கேளுங்கள்.

மார்கழி விடுமுறைக்கு ஊருக்கு வந்து திரும்பியபின், இரண்டு மூன்று கிழமைக்குள் காய்ச்சல் வந்தால், ரொறன்ரோவிலோ லண்டனிலோ உள்ள வைத்தியரிடம் யாழ்ப்பாணம் போய்வந்ததை முதலில் சொல்லுங்கள். அவர் உண்ணிக் காய்ச்சலை நினைக்கமாட்டார். "ஸ்க்ரப் டைபஸ்" என்ற பெயரை நீங்களே சொல்லலாம்.

தேநீர் வந்துவிட்டது. மிச்சக் கேள்விகளை அங்கே கேளுங்கள்.